கேளுங்கள்: கரன்ட் ஓடும் துணி

போன இதழில், நெஞ்சைச் சுற்றிக் கட்டினால் மூச்சை எண்ணும் பட்டை ஒன்றைப் பற்றி எழுதியிருந்தேன். பின்னல் துணி, அதன் மேல் மின்சாரம் கடத்தும் பாலிமர் (பிளாஸ்டிக் குடும்பம், மூலக்கூறு நீளச் சங்கிலியாக இருக்கும்) பூச்சு. மூச்சை இழுக்கும்போது துணி இழுபடும், இழுபட்டால் அதன் மின்தடை மாறும், அந்த மாற்றத்தை ஒரு சின்ன சர்க்யூட் போர்டு எண்ணிக்கொள்ளும். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பகுதி சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்தவை. தறி ஓடும் ஊருக்குத் துணி என்றால் காது நீளத்தானே செய்யும்! ஆகவே இந்தத் தடவை முழுக்க அவர்களுக்கு.

பிளாஸ்டிக்கில் கரன்ட் பாயாது என்றுதானே ஒயர் மேலேயே பிளாஸ்டிக் போடுகிறார்கள்? அதைத் துணியில் பூசினால் கரன்ட் ஓடும் என்கிறீர்கள். கல்லூரியில் படிக்கும் என் பையனும் அதையே சொல்கிறான், எப்படி என்று கேட்டால் முழிக்கிறான்.
— விசைத்தறி வைத்திருப்பவர், அம்மாபேட்டை

ஒயர் மேல் இருப்பது பி.வி.சி. அதன் சங்கிலியில் எலக்ட்ரான்கள் தத்தம் பிணைப்பை விட்டு நகராது, அதனால் அது நல்ல காப்பு. ஆனால் சில பாலிமர்களின் சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பு, இரட்டைப் பிணைப்பு என்று மாறி மாறி வரும். அங்கே எலக்ட்ரான் சங்கிலியோடு நகர வழி இருக்கிறது. வழி இருந்தும் சும்மா விட்டால் நகராது. எல்லா சீட்டும் நிரம்பிய டவுன் பஸ்ஸில் யார் எங்கே நகர முடியும்? ஒருவர் இறங்கினால் பக்கத்தில் இருப்பவர் அங்கே மாறுவார், அவர் விட்ட இடத்துக்கு இன்னொருவர் வருவார். அந்த ஒரு எலக்ட்ரானை இறக்கிவிடுகிற வேலையை அயோடின் மாதிரி ஒரு வேதிப்பொருள் செய்கிறது. அதற்கு டோப்பிங் என்று பெயர்.

இதை உலகத்துக்குக் காட்டியவர்கள் ஜப்பானின் ஹிடெகி ஷிராகாவா, அமெரிக்காவில் வேலை பார்த்த ஆலன் மெக்டயார்மிட், ஆலன் ஹீகர் ஆகிய மூவர், 1977-ல். பாலிஅசிட்டிலீன் என்ற படலத்தில் அயோடின் ஆவியைப் படவிட்டார்கள், கடத்துதிறன் கோடி மடங்கு ஏறியது. 2000-ல் வேதியியல் நோபல் பரிசு. இதில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. அந்தப் படலமே ஷிராகாவாவின் ஆய்வகத்தில் யாரோ வினையூக்கியைச் சொன்னதை விட ஆயிரம் மடங்கு அதிகமாகப் போட்டதால் கிடைத்தது. பையன் லேபில் எதையாவது அதிகமாகக் கொட்டிவிட்டு வந்தால் உடனே திட்ட வேண்டாம், முதலில் என்ன ஆச்சு என்று கேளுங்கள்.

பாலிஅசிட்டிலீன் காற்று பட்டால் கெட்டுவிடும், அதனால் துணிக்கு ஆகாது. துணியில் இன்று பூசுவது முக்கியமாக மூன்று: பாலிபிரோல், பாலிஅனிலின், அப்புறம் பெடாட். கடைசியாகச் சொன்னதைத் தண்ணீரில் கலந்து நிற்க வைக்க பிஎஸ்எஸ் என்ற இன்னொரு பாலிமரைச் சேர்ப்பார்கள், அதனால் பெடாட்-பிஎஸ்எஸ் என்று இரண்டையும் சேர்த்தே சொல்வது வழக்கம்.

உங்கள் தொழிலுக்கு இதில் ஒன்று ரொம்பப் பழசு. பருத்தியை அனிலினில் நனைத்து, நூலின் மேலேயே அதை ஆக்சிஜனேற்றம் செய்து அட்டைக்கறுப்பாக்கும் 'அனிலின் பிளாக்' சாயத்துக்கு இங்கிலாந்தில் ஜான் லைட்ஃபுட் 1863-ல் காப்புரிமை வாங்கினார். பாலிஅனிலின் அதே குடும்பம்தான். அன்றைக்கு அது சாயம், இன்றைக்கு சென்சார்.

உலோகங்களிலேயே மின்சாரத்தை நன்றாகக் கடத்துவது வெள்ளிதான் என்று படித்திருக்கிறேன். பாலிமர் எதற்கு? பட்டுச் சேலையில் இருக்கும் ஜரிகையையே சென்சாராக வைத்துக்கொண்டால் என்ன?
— கொலுசுப் பட்டறைக்காரர், செவ்வாய்ப்பேட்டை

அசல் ஜரிகை என்றால் கரன்ட் நன்றாகவே போகும், அது பட்டு நூலைச் சுற்றிய வெள்ளிதானே, மேலே கொஞ்சம் தங்கம். மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். பாலியெஸ்டர் ஜரிகையில் மேலே லாக்கர் பூச்சு இருப்பதால் பெரும்பாலும் மீட்டர் அசையாது.

ஆனால் நன்றாகக் கடத்துவது ஒயருக்குத் தேவையான குணம். சென்சாருக்கு வேண்டியது வேறு: தொட்டால், இழுத்தால், ஈரம் பட்டால் மின்தடை கண்ணுக்குத் தெரிகிற அளவு மாற வேண்டும். வெள்ளிக் கம்பியை இழுத்தால் மின்தடை மாறுவது துளிதான், ஓமில் சிறு பங்கு, அதை அளக்க நல்ல கருவி வேண்டும். பாலிமர் துணி சில ஆயிரம் ஓமில் நிற்கும், இழுத்தால் பல நூறு ஓம் மாறும், மலிவான போர்டுக்கே அது தெரிந்துவிடும். வெள்ளி முலாம் பூசிய நைலான் நூலைப் பின்னினால், கண்ணிகள் ஒன்றையொன்று தொடுவது மாறுவதை வைத்து அதுவும் ஓரளவு சென்சாராகும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சரியான கூட்டு இதுதான்: உணர வேண்டிய இடத்தில் பாலிமர், அங்கிருந்து போர்டு வரை வெள்ளி நூல். ஒன்று மட்டும், வெள்ளி கறுக்கும். அதை உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்.

பருத்தித் துணியில் பாலிஅனிலின் பூசி, முழங்கை எத்தனை டிகிரி மடங்குகிறது என்று காட்டும் பட்டை செய்தோம். முதல் வாரம் அருமை. அடுத்த வாரம் அதே கோணத்துக்கு வேறு எண். ஏற்காட்டுக்கு எடுத்துப் போனால் அங்கே இன்னொரு எண். எங்கே கோட்டைவிட்டோம்?
— பொறியியல் மாணவர்கள், ஓமலூர்

அந்தப் பட்டையிடம் நீங்கள் கோணம் கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கோணம் தெரியாது. 'இப்போது மடங்கியது, இப்போது நிமிர்ந்தது' என்பது வரை நன்றாகத் தெரியும். இந்தத் துணிகளைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல வேண்டும் என்றால் நான் சொல்வது அதுதான்: எப்போது, எத்தனை தடவை என்று கேட்டால் சரியாகச் சொல்லும், எவ்வளவு என்று கேட்டால் தடுமாறும். மூச்சுப் பட்டை வேலை செய்வதற்கும் அதுவே காரணம். பெரியவர்கள் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறார்கள். மின்தடை 5,000-லிருந்து ஏறி இறங்கினாலும் 8,000-லிருந்து ஏறி இறங்கினாலும் அலையின் எண்ணிக்கை மாறாது.

சரி, ஏன் தடுமாறுகிறது? நீங்கள் டோப்பிங்குக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், எல்லா லேபிலும் அதுதான் கைக்குக் கிடைக்கும். அது ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். அமிலம் குறையக் குறைய, பாலிஅனிலின் கடத்துகிற பச்சை வடிவத்திலிருந்து கடத்தாத நீல வடிவத்துக்குப் போகும். உங்கள் பட்டையை வெயிலில் வைத்துப் பாருங்கள், பச்சை கொஞ்சம் நீலம் பாய்ந்திருந்தால் அதுதான். யாராவது சோப்புப் போட்டு அலசியிருந்தால் கேட்கவே வேண்டாம், சோப்புத் தண்ணீர் காரம், பி.எச். 9, 10 இருக்கும், பாலிஅனிலினுக்கு 4-க்குக் கீழே இருந்தால்தான் உயிர். நீர்த்த அமிலத்தில் மறுபடி நனைத்தால் கடத்துதிறன் திரும்பும், ஆனால் அமிலம் பருத்தியை அரிக்கும். பழைய அனிலின் பிளாக் சாயத்திலேயே துணி நைந்துபோகிறது என்ற குறை உண்டு. அதனால் ஆவியாகாத அமிலத்துக்கு மாறுங்கள், பாரா-டொலுயீன்சல்ஃபோனிக் அமிலம் மாதிரி ஒன்று.

ஏற்காட்டு விவகாரம் ஈரப்பதம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்குப் போய்விட்டீர்கள். சேலத்து வெயிலில் காய்ந்திருந்த பருத்தி நூல் அங்கே பனியைக் குடித்து உப்பும், பாலிமரின் கடத்துதிறனும் ஈரத்தோடு மாறும், போதாததற்கு வெப்பநிலையும் இறங்கியிருக்கும். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து எண்ணைத் தள்ளுகின்றன. இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது, மாணவர்கள் ஏன் செய்வதில்லை என்றுதான் புரியவில்லை: அதே துணியில் வெட்டிய இன்னொரு துண்டை, இழுபடாத இடத்தில், மேல்கை மேலேயே தைத்துவிடுங்கள். இரண்டையும் வீட்ஸ்டன் பிரிட்ஜில் (மின்தடைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வித்தியாசத்தைக் காட்டும் சர்க்யூட்) இரண்டு கைகளாகப் போட்டால் ஈரமும் வெப்பமும் இரண்டையும் ஒரே மாதிரி நகர்த்தி, கிட்டத்தட்ட கழிந்துவிடும். மிஞ்சுவது இழுவை.

இன்னும் இரண்டு. நெய்த பருத்தி இழுபடாது, பாவுக்கும் ஊடைக்கும் நடுவில் இருக்கும் தளர்ச்சிதான் கொஞ்சம் நகரும், விட்டால் பழைய இடத்துக்குச் சரியாகத் திரும்பாது. மடக்கும்போது ஒரு பாதை, நிமிர்த்தும்போது வேறு பாதை என்று கிராஃபில் ஒரு கண் மாதிரி வரும். லைக்ரா கலந்த பின்னல் துணிக்கு மாறினால் அந்தக் கண் சுருங்கும், முழுக்க மூடாது. புதுத் துணியை அளக்கும் முன்னால் சில டஜன் தடவை இழுத்து இழுத்து விடுங்கள், முதலில் தாறுமாறாகப் போகும் எண் அப்புறம் ஒரு நிலைக்கு வரும். அடுத்தது, முதலைவாய் கிளிப். அதைத் துணியில் கவ்வ வைத்து அளந்திருந்தால் நீங்கள் அளந்ததில் பாதி கிளிப்பின் பிடிமானம். உலோக பிரஸ் பட்டன் அடித்து, கடத்தும் நூலால் தைத்து இணையுங்கள்.

கோணம்தான் வேண்டும் என்று வழிகாட்டி அடம்பிடித்தால், கட்டும்போதெல்லாம் ஒருமுறை முழுக்க மடக்கி, ஒருமுறை முழுக்க நிமிர்த்தி அளவைப் புதிதாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். அதையும் ரிப்போர்ட்டில் எழுதுங்கள். மறைத்தால் வைவாவில் ஒரு கேள்வியில் வெளியே வந்துவிடும்.

எங்களிடம் சாயப்பட்டறை இருக்கிறது. இந்தப் பூச்சை நாங்களே போட முடியுமா? ஆர்டர் கிடைக்குமா?
— கொண்டலாம்பட்டி வாசகர்

போட முடியும். எப்படிப் போடுகிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது.

லேபில் பாலிஅனிலின் பூசுவது கேட்க எளிது: அனிலினை அமிலத்தில் கரைத்து, பனிக்கட்டி வைத்து 0 முதல் 5 டிகிரிக்குள் குளிரவைத்து, துணியை உள்ளே போட்டு, அம்மோனியம் பெர்சல்ஃபேட்டை மெதுவாக விட வேண்டும். கொஞ்ச நேரத்தில் துணி பச்சையாகும். இவ்வளவு எளிதாக இருப்பதுதான் எனக்குப் பயம். அனிலின் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும், ரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுக்கும், உதடு நீலமாகும், ஆளே போகலாம். தொட்டியில் கைவிட்டு வேலை பார்த்துப் பழகிய பட்டறையில் அது வேண்டவே வேண்டாம். பிரோலைக் கொண்டுவந்து ஃபெரிக் குளோரைடு சேர்த்துப் பாலிபிரோல் பூசுவதும் அதே கதை, அதன் ஆவியும் நல்லதில்லை. கழிவு வேறு, அமிலமும் உப்பும் இரும்புமாக வெளியே வரும். திருமணிமுத்தாறு சாயக்கழிவில் பட்டது போதும்.

பெடாட்-பிஎஸ்எஸ் என்றால் விஷயம் மாறுகிறது. பாலிமராகவே தண்ணீரில் கலந்து, கருநீலத் திரவமாக விற்கிறார்கள். பேடிங் மேங்கிளில் தோய்த்துப் பிழிந்து, உலர்த்தினால் போதும். அதில் எத்திலீன் கிளைக்காலோ டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானோ நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சேர்த்தால் கடத்துதிறன் நூறு மடங்குக்கு மேல் ஏறும், இது ஆராய்ச்சியாளர்கள் எல்லோரும் செய்கிற வேலை. அப்படியே விட்டால் தண்ணீரில் ஊறி உரிந்துவிடும், பிடித்து வைக்க சிலேன் வகைப் பிணைப்பான் சேர்க்க வேண்டும்.

நீங்கள் மாணவர்களை விட முன்னால் இருப்பது ஒரு விஷயத்தில். கஞ்சி! தறியிலிருந்து வந்த துணியில் பாவுக்குப் போட்ட கஞ்சி இருக்கும், பருத்தியின் மெழுகும் இருக்கும், அதன் மேல் பூசினால் பூச்சு கஞ்சியோடு போகும். அதை முழுக்க எடுக்க உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஷேடு பார்க்கும் கண் இங்கே ஏமாற்றும். கண்ணுக்கு ஒரே நிறமாகத் தெரியும் இரண்டு மீட்டர் துணியில் மின்தடை ஒன்றுக்கு இரண்டாக இருக்கலாம். ஒவ்வொரு மீட்டரிலும் ஒரு சதுரத்தை எதிரெதிர் விளிம்புகளில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பூச்சு ஒரே சீராக இருந்தால் சதுரம் சின்னதோ பெரியதோ, ஓம் ஒன்றாகவே வரும், இந்தத் தொழிலில் விலை பேசுவதே 'சதுரத்துக்கு இத்தனை ஓம்' என்றுதான். பாவு வாட்டம், ஊடை வாட்டம் இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும், ஒன்றாக இருக்காது.

ஆர்டர்? டன் கணக்கில் கனவு காண வேண்டாம். இதை வாங்குபவர்கள் மீட்டர் கணக்கில் வாங்குவார்கள், சான்றிதழ் கேட்பார்கள். மெஷின் வாங்கும் முன்னால் வாங்குபவரைப் பிடியுங்கள். சேலத்திலேயே இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது, போய் ஒரு மாதிரித் துண்டோடு பேசிப் பாருங்கள்.

காபிக் கொட்டை காயவைக்கும் களத்தில் இந்தத் துணியை விரித்தால், கொட்டையில் ஈரம் எத்தனை சதவீதம் என்று சொல்லுமா?
— எஸ்டேட் வாசகர், ஏற்காடு

சொல்லாது. காபிக் கொட்டை 10 முதல் 12 சதவீத ஈரத்துக்கு வர வேண்டும், அந்த இரண்டு சதவீதத்துக்குள் சொல்கிற நிதானம் இதற்கு இல்லை. களத்துப் பனி, கொட்டையின் ஈரம், அன்றைய வெயில் எல்லாம் அதற்கு ஒன்றுதான். ஈரமானி வாங்குங்கள். மழைத் தூறல் விழுந்தால் மணி அடிக்க வேண்டும் என்றால் இந்தத் துணி அடிக்கும், ஆனால் அதற்கு இரண்டு வெற்றுக் கம்பியே போதுமே.

சேலம் வெண்பட்டில் இதைச் செய்ய முடியுமா? வெள்ளையாகவே இருக்குமா?
— குகை வாசகி

பட்டில் முடியும், வெள்ளையாக முடியாது. பாலிபிரோல் கறுப்பு, பாலிஅனிலின் பச்சை, பெடாட் நீலம். மெலிதாகப் பூசினால் நிறம் மங்கும், கூடவே கடத்துதிறனும் மங்கும்.

ஆனால் பட்டு இந்தக் கதையில் ஓரத்தில் நிற்கிற ஆள் இல்லை. ஜப்பானின் என்.டி.டி. நிறுவன ஆய்வாளர்கள் பட்டு இழையில் பெடாட்-பிஎஸ்எஸ் ஏற்றி, இதயத் துடிப்பின் மின்சைகையை எடுக்கும் மின்முனையாக 2012-ல் காட்டினார்கள். பிறகு டோரே நிறுவனத்தோடு சேர்ந்து, பாலியெஸ்டர் நுண்ணிழைத் துணியில் அதே பூச்சைப் போட்டு 'ஹிடோஎ' என்ற பெயரில் 2014-ல் அறிவித்தார்கள். ஈ.சி.ஜி. எடுக்கும்போது தடவும் ஜெல் இல்லாமல் பனியன் மாதிரி போட்டுக்கொள்ளலாம். பட்டை விட்டு ஏன் பாலியெஸ்டருக்குப் போனார்கள் என்று யோசித்தால், துவைக்க வேண்டுமே, பனியன் அல்லவா. புவிசார் குறியீடு வாங்கிய வெண்பட்டை நீலத்தில் முக்குவதை என் மனசு ஒப்பவில்லை. செய்தே தீர வேண்டும் என்றால், பசை நீக்கிய பட்டில் தனியாக ஒரு துண்டு செய்து உள்பக்கம் தைத்துக்கொள்ளலாம்.

என் அம்மாவுக்கு 78 வயது. ராத்திரியில் எங்களை எழுப்பாமல் தானே எழுந்து பாத்ரூம் போகிறார், ஒரு தடவை விழுந்தும்விட்டார். அவர் கட்டிலை விட்டு எழுந்தால் என் அறையில் மணி அடிக்கிற மாதிரி இந்தத் துணியில் செய்ய முடியுமா? உடம்பில் எதையும் கட்டிக்கொள்ள மாட்டேன் என்கிறார்.
— அஸ்தம்பட்டி வாசகி

முடியும், இந்தத் துணிக்கு ஏற்ற வேலையே இதுதான். அம்மாவின் எடை எத்தனை கிலோ என்று நமக்குத் தெரிய வேண்டாம், படுத்திருக்கிறாரா இல்லையா என்று தெரிந்தால் போதும்.

மூன்று அடுக்கு. நடுவில் பாலிமர் பூசிய துணி, மேலும் கீழும் வெள்ளி முலாம் துணியோ தாமிர டேப் ஒட்டிய துணியோ. அழுத்தினால் நூல்கள் நெருங்கி மின்தடை இறங்கும், எழுந்தால் ஏறும். ஓரங்களில் மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் தொட்டுக்கொள்ளாமல், நடுத்துணியை ஒரு விரல் அகலம் கூடுதலாக விடுங்கள். இதோடு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டு, நடுவில் வரும் வோல்டேஜை ஆர்டுயினோ மாதிரி புரோகிராம் எழுதி ஓட்டுகிற சின்ன போர்டுக்குக் கொடுக்க வேண்டும். பாலிடெக்னிக் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்துவிடுவான். அவனிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: 'இந்த எண்ணுக்கு மேல் போனால் மணி' என்று நிரந்தரமாக ஒரு எண் வைக்கக் கூடாது, மெத்தை அமுங்கி அமுங்கி அந்த எண் நகர்ந்துகொண்டே இருக்கும். கடைசி சில நிமிடங்களின் சராசரியோடு ஒப்பிட்டுத் திடீரென்று மாறினால் மணி. புரண்டு படுத்தாலும் மாறும், அதனால் மூன்று நான்கு விநாடி பொறுத்துப் பார்த்து அடிக்கட்டும். ரொம்பப் பொறுத்தால் அதற்குள் அம்மா நடக்க ஆரம்பித்திருப்பார்.

விரிப்பை இடுப்பு வருகிற இடத்தில், மெத்தைக்கும் பெட்ஷீட்டுக்கும் நடுவில் வையுங்கள். பேட்டரியில் ஓடட்டும், சுவர் கரன்டோடு எந்தத் தொடர்பும் வேண்டாம்.

இப்போது பலர் யோசிக்காத இடம். ஒயர் அறுந்தால் மின்தடை ஏறும், அம்மா எழுந்துவிட்டார் என்று மணி அடிக்கும், தூக்கம் கெடும், அவ்வளவுதான். விரிப்பு நனைந்தால் தலைகீழ். சிறுநீரில் உப்பு இருப்பதால் அது நன்றாகக் கடத்தும், மின்தடை இறங்கியே நிற்கும், அம்மா எழுந்து போனாலும் படுத்திருக்கிறார் என்றே போர்டு நினைக்கும். அதனால் விரிப்பு முழுவதையும் ரப்பர் ஷீட் உறைக்குள் போட்டு ஓரத்தை ஒட்டிவிட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் இந்த ஏற்பாட்டையே செய்யாதீர்கள். அப்புறம் தினமும் படுக்கப் போகும் முன் ஒருமுறை நீங்களே உட்கார்ந்து எழுந்து மணி அடிக்கிறதா என்று பாருங்கள்.

கட்டிலுக்கு அடியில், ஆள் அசைந்தால் தானே எரிகிற விளக்கு ஒன்றையும் வாங்கி மாட்டுங்கள். அதில் பாலிமர் எதுவும் வேண்டாம், மலிவு, விழாமல் தடுப்பதில் மணியை விட அதுதான் முதலில் உதவும்.

இந்தத் துணியில் சட்டை தைத்தால் செல்போன் சார்ஜ் ஏறுமா?
— பிளஸ் டூ மாணவர், ஆத்தூர்

ஏறாது. இந்தத் துணி மின்சாரத்தை உண்டாக்குவதில்லை, தன் வழியாக விடுகிறது, அதுவும் கஞ்சத்தனமாக. 10 கிலோ ஓம் துணிக்கு 5 வோல்ட் கொடுத்தால் அரை மில்லிஆம்பியர் போகும். உன் போனுக்கு ஆம்பியர் கணக்கில் வேண்டும். ஓம் விதி பரீட்சைக்கு வரும், கணக்கை ஒருமுறை நீயே போட்டுப் பார்.